கடை சாத்தும் பாட்டுக்கு நான்காம் இடம்

டயாலிசிஸ் அறையில் நான்கு நாற்காலிகள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயரத்துக்கு ஓர் இயந்திரம். திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு நான்கு பேர் வந்து எடை பார்த்துக்கொள்வார்கள். பிறகு கையில் இரண்டு ஊசிகளை ஏற்றிக்கொண்டு பதினோரு மணி வரை சாய்ந்து கிடப்பார்கள். ஜன்னலோரம் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அடுத்து ஒரு டாக்சி டிரைவர். மூன்றாவது நாற்காலியில் லிஃப்ட் மெக்கானிக். நான்காவது ஆள் ஊசி ஏறிய மறு நிமிடம் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு தூங்கிவிடுவார். ஆகவே அவருக்குப் பெயரே போர்வை.

மெக்கானிக்குக்கு நாற்பத்தொரு வயது. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்து ஆறு வருடமாகக் காத்திருந்தான். அந்த நான்கு மணி நேரத்தைக் கூரையைப் பார்த்தே கழிக்கப் பழகியிருந்தான். டாக்சிக்காரர் வாய் ஓயாமல் பேசுவார், இவன் "ம்" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. வீட்டிலும் பேச்சு குறைந்துதான் போயிருந்தது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பதால் மனைவி காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவாள். எவ்வளவு குடித்தான், எவ்வளவு மிச்சம், உப்பு சேர்ந்ததா, கால் வீங்கியதா, இவைதான் கணவன் மனைவி பேச்சு.

ஒரு திங்கட்கிழமை அறையிலிருந்த டிவியில் ஒரு பழைய படத்தைப் போட்டார்கள். வசனத்தைவிடப் பாட்டு அதிகமான படம். கதாநாயகன் கடன் கேட்டாலும் பாடித்தான் கேட்பான், இல்லை என்பவனும் பாடித்தான் இல்லை என்பான். மொத்தம் பதினோரு பாட்டு. நான்கு பேருக்கும் அது தெரிந்த படம். நடுநடுவே இயந்திரம் கீச்சிட, சிஸ்டர் வந்து அதை அடக்க, ஒருவழியாகப் படம் முடிந்தது.

"படிக்கட்டுப் பாட்டுதான் முதல். மத்ததெல்லாம் அதுக்குக் கால்தூசி பெறாது" என்றார் டாக்சிக்காரர்.

"நீங்க சொல்லிட்டா ஆச்சா? தாலாட்டை எங்க வைப்பீங்க?" என்றார் டீச்சர்.

வாக்குவாதம் புதன்கிழமைக்கும் நீண்டது. டீச்சருக்கு முறையில்லாமல் எதைச் செய்தாலும் பிடிக்காது. "மேலேருந்து ஆரம்பிச்சா சண்டைதான் மிஞ்சும். கீழேருந்து வருவோம். ஒரு நாளைக்கு ஒரு பாட்டைத் தூக்குவோம். கடைசியா நிக்கிறது முதலிடம்" என்றார். "ஊசி ஏறினவங்களுக்குத்தான் ஓட்டு. வேடிக்கை பார்க்க வர்றவங்க மூக்கை நுழைக்கக் கூடாது. சமமா வந்தா சிஸ்டர் தீர்ப்பு."

அன்றே சுற்றுலாப் பாட்டு பதினோராம் இடத்துக்குப் போனது. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மெக்கானிக்கும் கூரையைப் பார்த்தபடியே கையைத் தூக்கினான். படுத்திருப்பவன் ஒரு கையைத் தூக்குவதில் என்ன சிரமம்?

வெள்ளிக்கிழமை டீச்சர், "அடுத்தது கடை சாத்தும் பாட்டு" என்றார். கதாநாயகியின் அப்பா தன் கடையைச் சாத்திக்கொண்டே பாடும் பாட்டு அது. ஆட்டம் கிடையாது, கூட்டம் கிடையாது, இரண்டே நிமிடம்.

"தூக்குங்க தூக்குங்க. அந்தப் பாட்டுக்கு எழுந்து போய்த்தான் தியேட்டர்ல டீ குடிப்போம்" என்றார் டாக்சிக்காரர்.

"அது வேணும்" என்றான் மெக்கானிக்.

இருவரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். ரத்த அழுத்தக் கருவியைச் சுற்றிக்கொண்டிருந்த சிஸ்டரும் பார்த்தாள்.

"லிஃப்ட் தம்பிக்கு வாய் இருக்கு டீச்சர்!" என்றார் டாக்சிக்காரர்.

"ஏன் வேணும்? காரணம் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

மெக்கானிக் கொஞ்சம் திணறினான். "நடுவுல அவர் சாவியைக் காணோம்னு தேடுவார் இல்ல? அப்போ பாட்டு நின்னுடும். மியூசிக்கும் நின்னுடும். அவர் பாட்டுக்குப் பையைத் தடவுவார், மேஜை மேல பார்ப்பார். யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. கிடைச்சதும் மறுபடி பாடுவார். வேற எந்தப் படத்துலயும் ஒரு மனுஷனுக்கு அவ்வளவு நேரம் குடுத்து நான் பார்த்ததில்ல."

டீச்சர் யோசித்தார். ஆனாலும் மசியவில்லை. தூக்க இரண்டு ஓட்டு, வேண்டாமென்று ஒன்று. அப்போதுதான் நான்காவது நாற்காலியிலிருந்து, போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அது இருக்கட்டும்."

மூன்று வருடத்தில் அவர் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டுக்கு இரண்டு. டீச்சர் சிஸ்டரைப் பார்க்க, அவள் வேலை மும்முரத்தில், "பாவம், இருந்துட்டுப் போகட்டுமே" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். கடை சாத்தும் பாட்டு பிழைத்தது.

அதன் பிறகு மெக்கானிக் ஆளே மாறிப்போனான் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாட்டு விஷயத்தில் மட்டும் ஒற்றைக் காலில் நின்றான். லிஃப்டின் மோட்டார் அறையில் கம்பி வடத்துக்கு எண்ணெய் போடும்போதும் அடுத்த ஓட்டைப் பற்றியே யோசித்தான். டாக்சிக்காரரிடம் இரகசியமாகப் பேரம் பேசினான்.

"அண்ணே, உங்க படிக்கட்டுப் பாட்டுக்குக் கடைசி வரைக்கும் நான் காவல். நீங்க என் பாட்டு மேல கை வைக்காதீங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

டீச்சருக்கு இந்தக் கூட்டு புரியாமல் இல்லை. புரிந்தாலும் விதியில் அதற்குத் தடை இல்லை. மழைப் பாட்டு போனது. கடன் பாட்டு போனது. கல்யாணப் பாட்டைத் தூக்கிய அன்று டீச்சரும் டாக்சிக்காரரும் பதினோரு மணி வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது வாரம் முடியும்போது நான்கே நான்கு பாட்டுகள் மிஞ்சியிருந்தன: படிக்கட்டு, தாலாட்டு, ரயில், கடை சாத்துதல்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மெக்கானிக் ஓர் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மருத்துவமனையிலிருந்து. சிறுநீரகம் ஒன்று கிடைத்திருக்கிறது, பொருந்தும் போலிருக்கிறது, எதுவும் சாப்பிடாமல் உடனே வரவேண்டும் என்றார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் கை பழக்கத்தில் தன் வேலையைச் செய்தது. ஸ்பானர்களை அளவு வாரியாகப் பெட்டியில் அடுக்கினான். 'பழுது' என்ற பலகையைக் கதவில் மாட்டினான். காவலாளியிடம், "நாளைக்கு வேற ஆள் வருவாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். மனைவி ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பையோடு நின்றிருந்தாள். அவள் அவன் சட்டையிலிருந்த எண்ணெய்க் கறையைச் சுரண்டிப் பார்த்தாள், அது போகவில்லை.

அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்தது. இரண்டாம் நாள் சிறுநீர் தாராளமாகப் பிரிந்தது என்று மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். குடிக்காதே என்று தண்ணீரை அளந்தவள் இப்போது குடி, குடி என்று மூன்று லிட்டர் அளந்து வைத்தாள். அவனால் அதைக் குடித்து முடிக்க முடியவில்லை. ஆறு வருடமாகக் கனவு கண்டது இதற்குத்தானா என்று அவனுக்கே வியப்பாக இருந்தது.

ஏழு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலைப் பரிசோதனை முடிந்ததும், முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனான். வாசலிலேயே சிஸ்டர் தடுத்தாள்.

"உள்ள வரக்கூடாது. கிருமி ஏதாவது தொத்திக்கப் போகுது. இங்கேயே நின்னு ரெண்டு நிமிஷம் பேசிட்டுப் போங்க."

"வாங்க மாப்பிள்ளை!" என்று கத்தினார் டாக்சிக்காரர். "முகத்துல களை வந்துடுச்சே! டீச்சர், பாருங்க யாருன்னு!"

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. போர்வை கூட முகத்தை வெளியே நீட்டிச் சிரித்தார். அவருக்கு முன்பல் இரண்டு இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாவது நாற்காலியில், தபால் நிலையத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் மரியாதைக்குத் தலையசைத்தாள்.

உடம்பைப் பற்றி விசாரித்து முடிந்ததும் அவன் கேட்டான். "பாட்டு என்னாச்சு?"

"தாலாட்டு முதலிடம். படிக்கட்டு ரெண்டு. ரயில் மூணு" என்றார் டீச்சர்.

"என் பாட்டு?"

"நாலு."

"என்னைக்குத் தூக்கினீங்க?"

"நீங்க ஆபரேஷனுக்குப் போன மறுநாளே."

அவன் டாக்சிக்காரரைப் பார்த்தான். அவர் பார்வையை இயந்திரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். "என்ன அண்ணே, பேசி வச்சிருந்தோமே!"

"பேசினோம் தம்பி. ஆனா எதுக்குப் பேசினோம்? உங்க ஓட்டுக்காக. நீங்க போனதும் அது போச்சு. டீச்சர் படிக்கட்டுல கை வைக்கப் பார்த்தாங்க. அதைக் காப்பாத்த உங்க பாட்டைக் குடுத்தேன், வேற என்ன பண்ணுவேன்?"

"போர்வை அண்ணன்?"

"நான் எதிர்த்தேன்" என்றார் போர்வை. "ரெண்டுக்கு ஒண்ணு."

"இப்போ திரும்ப ஓட்டு வைங்க. நான் இருந்திருந்தா மூணாவதாவது வந்திருக்கும்."

"இருந்திருந்தா வந்திருக்கும். ஆனா நீங்க இல்லையே" என்றார் டீச்சர். குரலில் கடுமை இல்லை, வகுப்பில் விடைத்தாளைத் திருப்பிக் கொடுப்பது போலச் சொன்னார். "ஊசி ஏறினவங்களுக்குத்தான் ஓட்டு. நீங்க இப்போ வெளியாள். அதுக்குத்தானே எல்லாரும் வேண்டிக்கிட்டோம்?"

தபால்காரப் பெண் மெல்ல, "இன்னைக்கு எது டீச்சர்?" என்று கேட்டாள். வேறொரு படத்தின் பாட்டுகளைத் தொடங்கி, ஐந்தாவது வரை வந்திருந்தார்கள். டாக்சிக்காரர் ஏதோ சொல்ல, அந்தப் பெண் மறுக்க, பேச்சு சூடு பிடித்தது. அவன் வாசலில் நிற்பதை யாரும் மறந்துவிடவில்லை. ஆனால் அவனிடம் கேட்கவும் ஒன்றுமில்லை. சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் எல்லோருக்கும் கையசைத்துவிட்டு இறங்கினான்.

பஸ்ஸில் வரும்போது, எந்த அறையிலிருந்து தப்பிக்க ஆறு வருடம் தவம் கிடந்தானோ அந்த அறையில் தனக்கு இடமில்லை என்று மனம் சுண்டிப்போயிருப்பதை அவன் கவனித்தான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வருத்தம் போகவில்லை.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்ன, ரிப்போர்ட் சரியில்லையா? முகம் ஏன் தொங்கிப்போயிருக்கு?"

"ரிப்போர்ட் நல்லாதான் இருக்கு." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். திங்கட்கிழமை படத்திலிருந்து, பேரம், போர்வை, இன்றைய தீர்ப்பு வரைக்கும். இவ்வளவு நாள் அந்த அறையில் இப்படி ஒன்று நடந்தது என்பதே அவளுக்குத் தெரியாது. தலையணை உறை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கேட்டாள்.

"அந்த அப்பா பாடுற பாட்டா?" என்றாள் கடைசியில். "நாலே அதிகம். நானா இருந்தா ஒன்பதுல வச்சிருப்பேன்."

"ஒன்பதா?"

"சாவி தொலைஞ்சா பேசாம தேட வேண்டியதுதானே? இதுல பாட்டு வேற."

"தேடும்போது பாட மாட்டார்! அதுதான் விஷயமே! நீ அந்தப் படத்தைச் சரியாவே பார்க்கல."

"நான் மூணு தடவை பார்த்திருக்கேன். உங்களைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே." உறையை மடியில் போட்டுக்கொண்டு அவனுக்கு நேராகத் திரும்பினாள். "கல்யாணப் பாட்டை எட்டாவதா வச்சாங்களா? யாருக்கும் காது இல்லையா அந்த ரூம்ல? அதுதான் முதல்."

"கல்யாணப் பாட்டா முதல்? உனக்கென்ன பைத்தியமா?"

அவள் சமையலறைக்குப் போய் ஒரு பேனாவும், மாத்திரை நேரங்களை எழுதி வைக்கும் நோட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். புதிய பக்கம் ஒன்றைத் திருப்பி, ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண் போட்டாள். ஒன்றுக்கு நேராகக் கல்யாணப் பாட்டு என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தாள்.