பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

"நான் பேரே சொல்லலையே, டாக்டரம்மா!"

காலையிலிருந்து இதோடு நாலாவது தடவை. பல் டாக்டரம்மா முன்னறையில் ஒருவருக்குக் கடைவாயைக் குடைந்துகொண்டே பதில் கொடுத்தார்.

"பேர் சொல்லாமலே இவ்வளவு தூரம் போயிருக்கு. சொல்லியிருந்தா பேப்பர்லயே வந்திருக்கும்."

பின்னறையில் பல்லக்கா வாயை மூடிக்கொண்டாள். பொய்ப்பல் செட்டு செய்வது அவள் பிழைப்பு. சபையின் வாலிபர் கூட்டத்தை நடத்துவது அவள் ஊழியம். ஒன்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் நாலு மணிக்கு பதினெட்டு பிள்ளைகள் முன்னால் நிற்கிறாள். பல்லக்கா என்பது அந்தப் பிள்ளைகள் வைத்த பேர்தான். போதகர்கூட சில சமயம் வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிடுவார்.

எதிரே அடுப்பில் பாத்திரத்துத் தண்ணீருக்குள் பித்தளை அச்சு கிடந்தது. அச்சுக்குள் ஒரு பெரியவரின் மேல்வரிசைப் பற்கள் வெந்துகொண்டிருந்தன. பக்கத்தில் கைபேசி. அதில் போதகருக்கு அடித்து, அனுப்பாமல் வைத்திருந்த செய்தி: 'நாளையிலிருந்து வாலிபர் ஊழியத்துக்கு வேறு யாரையாவது நியமியுங்கள். எனக்குத் தகுதியில்லை.'

அதற்கு முன்னால் வந்த செய்தி ஒரே வரி. சுருட்டை நேற்று இரவு அனுப்பியது. 'நன்றி அக்கா. நல்லா ஜெபிச்சீங்க.'

சுருட்டைக்குத் தலை நிறையச் சுருள் முடி. அதனால் அந்தப் பேர். கூட்டத்தில் கீபோர்ட் வாசிக்கிறவள் அவள்தான். பத்து நாளைக்கு முன்னால் பாட்டுப் பயிற்சி முடிந்ததும் எல்லாரும் கிளம்ப, அவள் மட்டும் வயர்களைச் சுற்றுகிறேன் என்று நின்றாள். ஒரே வயரை மூன்று தடவை சுற்றினாள்.

"என்னடி?"

"அக்கா, என்னை நர்சிங் கோர்ஸ்ல இருந்து எடுத்துட்டாங்க. மூணு மாசம் ஆச்சு. அப்பா தினம் காலேஜ் வாசல்ல இறக்கி விடறார். அவர் திரும்பினதும் நான் வேற பக்கம் நடக்கறேன்."

எங்கே போகிறாள், எங்கே உட்கார்ந்து பொழுதைக் கழிக்கிறாள் என்பதையும் சொல்லி அழுதாள். "உங்களுக்கு மட்டும்தான்க்கா தெரியும். அப்பாகிட்ட நானே சொல்லணும். கொஞ்சம் தைரியம் வரட்டும்."

"இந்த ரூமைத் தாண்டாது" என்றாள் பல்லக்கா. மனசாரத்தான் சொன்னாள்.

அடுத்த புதன்கிழமை மூப்பர்கள் ஜெபக் கூட்டத்தில் "ஜெபக் குறிப்பு உண்டா?" என்று கேட்டார்கள். ஆளாளுக்கு முட்டுவலி, வேலை மாற்றம், மருமகனின் கோபம் என்று சொல்லி வந்தார்கள். பல்லக்காவின் முறை வந்தது. நெஞ்சில் கிடந்த கல்லை இறக்கி வைக்க அதைவிட நல்ல இடம் வேறெது?

"நம்ம மத்தியில இசையால ஊழியம் செய்யற ஒரு மகளுக்காக ஜெபிங்க. படிப்பு கைவிட்டுப் போச்சு. வீட்டுக்குத் தெரியாது. கர்த்தர் ஒரு வழி திறக்கணும்."

பதினைந்து பேர் ஆமென் சொன்னார்கள். பதினைந்து ஆமெனுக்கு முப்பது காது. வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் ஒரு மூப்பர் கிரேன் ஓட்டுகிறவரின் தோளில் அன்பாகக் கை வைத்தார். "தைரியமா இருங்க பிரதர். உங்க பொண்ணுக்காக நாங்க எல்லாரும் ஜெபிக்கறோம்."

அந்தக் கிரேன்காரர் சுருட்டையின் அப்பா.

இப்போது அதே ஆள் பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். மணி இரண்டரை. வேலைச் சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"எங்க என் பொண்ணு?"

பல்லக்கா எழுந்தாள். "அண்ணே, என்னாச்சு?"

"என்னாச்சா? ராத்திரி சத்தம் போட்டேன். கை நீட்டல, சத்தம்தான். காலைல எந்திரிச்சா ஆளைக் காணோம். பர்ஸ் மேசை மேல இருக்கு. ஃபோன் அணைஞ்சிருக்கு. பர்ஸை வெச்சுட்டு எங்க போவா ஒரு பொண்ணு? சொல்லுங்க சிஸ்டர்."

இருவர் மனசிலும் ஒரே வார்த்தை வந்தது. இருவரும் அதைச் சொல்லவில்லை.

"உங்களுக்குத் தெரியும்" என்றார் அவர். "பெத்தவனுக்குத் தெரியாததெல்லாம் உங்களுக்குத் தெரியுது. இதுவும் தெரியும்."

தெரியும்தான். சுருட்டை போகிற ஒரே இடம் அவளுக்குத் தெரியும். சொல்லிவிடலாம். அப்பா பதறுகிறார், காரணம் நியாயமானது. புதன்கிழமையும் காரணம் நியாயமாகத்தான் இருந்தது. அன்றைக்கும் நாக்கு நல்லதற்காகத்தான் புரண்டது.

"இருக்கற இடம் தெரியும்னு நினைக்கறேன்."

"சொல்லு!" மரியாதை போய்விட்டது.

"சொல்ல மாட்டேன் அண்ணே."

"என்னது?"

"அவகிட்டக் கேக்காம இனி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நான் போறேன். இப்பவே. மணி ரெண்டரை. மூணரைக்குள்ள உங்க ஃபோன்ல அவ பேசணும். பேசலைன்னா நானே இடத்தைச் சொல்றேன், போலீசுக்கும் நானே சொல்றேன்."

"நீ யாரு என் பிள்ளைய எனக்கு ஒளிச்சு வைக்க? உன்ன நம்பணுமா நானு?"

"நம்பாதீங்க. நம்பற மாதிரி நான் நடந்துக்கல. ஒரு மணி நேரம் மட்டும் குடுங்க."

அவர் உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை. கைகள் இரண்டும் பிடிமானம் தேடி மேசை விளிம்பில் அலைந்தன. முன்னறையில் துளைக்கும் சத்தம் நின்றது. டாக்டரம்மா கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"அச்சு அடுப்புல இருக்கு. நான் பாதிப் பல்லுல நிக்கறேன். யாரு பாத்துக்கறது?"

பல்லக்கா கிரேன்காரரைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க கண்ணெடுக்காம வேலை பாக்கறவர். இந்தத் தண்ணி சும்மா அசைஞ்சுக்கிட்டே இருக்கணும். குபுகுபுன்னு கொதிச்சா பல் செட்டுக்குள்ள காத்துக் குமிழ் விழுந்திரும், எல்லாம் பாழ். தண்ணி குறைஞ்சா சுடுதண்ணி ஊத்துங்க, பச்சைத் தண்ணி கூடாது. நாலே காலுக்கு அடுப்பை அணைச்சிருங்க. அச்சை வெளிய எடுக்க வேண்டாம், அதுலயே ஆறட்டும்."

"எம் பொண்ணைக் காணோம்ங்கறேன், நீ பல்லு வேகுதுங்கறே!"

"ஆமா அண்ணே."

அவர் அவளை முறைத்தார். பிறகு பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் பல்லக்காவுக்கு ஜெபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மடை திறந்த மாதிரி வருமே, அந்தச் சரளமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "ஆண்டவரே, அவ அங்க இருக்கணும்." அவ்வளவுதான். அதையே ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொன்னாள். பக்கத்து சீட்டுக்காரர் அவள் உதட்டைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்.

அந்த இடம் பெரிய ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் கூடம். வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள், சுவரில் சிவப்பு எண்கள். டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம்வரை ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். மூன்று மாசமாக சுருட்டை அங்கேதான் படிப்பு படித்தாள்.

கதவில் பூட்டுத் தொங்கியது.

"சனிக்கிழமை ஒரு மணியோட சரிம்மா" என்றார் காவலாளி.

பல்லக்கா கைபேசியைப் பார்த்தாள். மணி மூன்று. "ஐயா, ஒரு பொண்ணு. சுருட்டை முடி. தினம் வரும்."

"ஃபாரம் எழுதித் தர்ற பொண்ணா?"

"ஃபாரமா?"

"எழுதத் தெரியாதவங்க, கண்ணு தெரியாதவங்களுக்கெல்லாம் அதுதானே எழுதித் தருது. சம்பளம் இல்லாத ஆளுன்னு நாங்க கேலி பண்ணுவோம். நீங்க என்ன, அக்காவா?"

"ஆமா" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "இன்னைக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. இங்க பூட்டினதும் அவசரப் பிரிவுப் பக்கம் போச்சு. மூஞ்சி சரியில்ல. போய்ப் பாருங்க."

அவள் நடக்கவில்லை, ஓடினாள். அவசரப் பிரிவின் நீண்ட வராந்தா. முனையில், ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பெரியவர் பக்கத்தில் அந்தச் சுருள் முடி தெரிந்தது.

இருந்தாள். உயிரோடு இருந்தாள்.

சுருட்டை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்து எழுதினாள். "சொல்லுங்க பெரியவரே, வயசு?"

"அறுபத்தெட்டா, எழுபதா… எம் பொஞ்சாதிக்குத்தான் தெரியும்."

"எழுபதுன்னு போடறேன். மரியாதை கூடும். முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"வெள்ளையா, வட்டமா இருக்கும்."

"எல்லா மாத்திரையும் அப்படித்தான் இருக்கும்."

மூன்று பத்து. பல்லக்கா நின்றாள். மூன்று பதினைந்து. பெரியவருக்கு மாத்திரை சாப்பிட்ட கதை, டாக்டர் திட்டின கதை எல்லாம் நினைவுக்கு வந்தன. சுருட்டை ஒவ்வொன்றையும் கேட்டாள், வேண்டுமென்றே. கடைசியில் படிவத்தைக் கொடுத்து அவரைப் பதிவு ஜன்னலுக்கு அனுப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா? இல்ல மொத்த சபையுமா?"

"யாரும் வரல. இடம் அவருக்குச் சொல்லல."

"ஏன், அதுக்கும் ஒரு ஜெபக் குறிப்பு போட வேண்டியதுதானே?"

"நான் பேர் சொல்…" என்று ஆரம்பித்து பல்லக்கா நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லுங்க. பேர் சொல்லல. 'இசையால ஊழியம் செய்யற மகள்.' நம்ம சபையில மொத்தம் எத்தனை கைக்கா கீபோர்ட் வாசிக்குது?"

"ரெண்டு."

"ரெண்டும் என்னோடது."

வராந்தாவில் ஒரு சக்கர நாற்காலி கிறீச்சிட்டுக்கொண்டு போனது.

"எனக்குச் சுமக்க முடியல" என்றாள் பல்லக்கா. "உன் கஷ்டம் நெஞ்சுல கிடந்துது. இறக்கி வெச்சா லேசாகும்னு பாத்தேன். ஆண்டவர்கிட்ட மட்டும் இறக்கியிருக்கணும். எல்லாரும் கேக்கற மாதிரி இறக்கினேன். உனக்காகன்னு சொன்னேன், பாதி எனக்காக. நான் எவ்வளவு பாரத்தோட ஊழியம் செய்யறேன்னு அவங்களுக்கும் தெரியட்டும்னு இருந்திருக்கும். தப்புடி. மன்னிச்சிரு."

"அப்பாகிட்ட நானே சொல்லணும்னு மூணு மாசமா ஒத்திகை பாத்தேன்க்கா. எந்த வார்த்தை முதல்ல, எப்ப தண்ணி குடிக்கறதுன்னுகூட. என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நீங்க எடுத்துட்டீங்க."

மணி மூன்று இருபத்திரண்டு.

"மூணரைக்குள்ள நீ அவர்கிட்டப் பேசலைன்னா நான் இடத்தைச் சொல்லிருவேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். உன்னைக் கேக்காம சொன்னது. பர்ஸை வெச்சுட்டுப் போயிருக்கே. பயந்துட்டோம். நீ எதுவும்…"

"அந்த மாதிரி இல்ல" என்று சுருட்டை வெடுக்கென்று சொன்னாள். பிறகு குரல் இறங்கி, "காலைல ஒரு அரை மணி நேரம் அந்த நினைப்பு இருந்துச்சு. மாடிப்படி பக்கம் நின்னேன். அப்பதான் இந்த மாதிரி ஒரு கிழவர் வந்து ஃபாரத்தை நீட்டினார்."

பல்லக்கா அவள் கையைப் பிடித்தாள். அவள் உதறவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"இதை டாக்டர்கிட்டச் சொல்லணும். நான் கூட வரேன். அப்பாகிட்டயும் சொல்லணும், நீயே. நான் வாயத் திறக்க மாட்டேன். ஆனா மறைக்கவும் விட மாட்டேன்."

"ம்."

"நாளையிலிருந்து உங்களுக்கு வேற ஆள் பாக்கச் சொல்லி போதகருக்கு…"

சுருட்டை சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "தெரியும். போன வருஷம் முகாம்ல பஸ் லேட்டானதுக்கே 'நான் விலகறேன்'னு நின்னவங்கதானே நீங்க. நான் மூணு மாசமா இங்க ஒளிஞ்சு உக்காந்திருக்கேன். நீங்களும் வந்து பக்கத்துல டோக்கன் எடுக்கப் போறீங்களா?"

பல்லக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"போகாதீங்க" என்றாள் சுருட்டை. "மன்னிச்சுட்டேன்னு சொல்லல. இன்னும் இல்ல. ஆனா தப்பு பண்ணா ஓடிரணும்னா பதினெட்டு பேரும் ஓடணும். புதன்கிழமை யார் முன்னாடி சொன்னீங்களோ, அவங்க முன்னாடியே தப்புன்னு சொல்லுங்க. அப்புறம் வந்து நில்லுங்க."

மூன்று இருபத்தேழு. பல்லக்கா கைபேசியை நீட்டினாள். போதகருக்கான செய்தி இன்னும் திரையில் கிடந்தது. சுருட்டை அதைப் படித்தாள், அழிக்கவில்லை. "இதை நீங்களே அழிங்க" என்று திருப்பிக் காட்டினாள். பல்லக்கா அழித்தாள்.

எண்ணை அழுத்தியதும் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அப்பா."

எதிர்ப்பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் சுருட்டைக்கு வரவில்லை.

"அப்பா, நான்தான். பத்திரமா இருக்கேன்."

பிறகு அவர் குரல் கரகரவென்று வந்தது. "தண்ணி குறைஞ்சிருச்சு. மூணு தரம் ஊத்திட்டேன்னு உங்க அக்காகிட்டச் சொல்லு. கொதிக்க விடல. ஒரு தரம்கூட விடல."

சுருட்டை கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினாள். "பெரிய ஆஸ்பத்திரில இருக்கேன்ப்பா. அவசரப் பிரிவு. வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், நானே."

மறுநாள் காலை ஆராதனை முடிந்ததும் பல்லக்கா அந்தப் பதினைந்து பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள். அழகாகச் சொல்லவில்லை, திக்கினாள். "அவ என்னை நம்பிச் சொன்னதை ஜெபம்னு பேர் வெச்சு உங்ககிட்டப் பரப்பினேன்." துறைமுக மூப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "நான் அதைத் தோள் வரைக்கும் கொண்டு போனேன்" என்றார். நாலு மணிக் கூட்டத்துக்கான சாவியைப் போதகர் எப்போதும்போல அவள் கையில் வைத்தார்.

நாலு மணிக்குப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள், செய்தி அப்படி. சுருட்டையும் வந்தாள். பல்லக்கா பக்கம் திரும்பாமலே வயரைச் செருகி, மூன்று பாட்டும் வாசித்தாள். கடைசி வரிசையில், பொத்தான் சரியாகப் போட்ட சட்டையோடு கிரேன்காரர் உட்கார்ந்திருந்தார்.

வழக்கமாகக் கேட்கிற இடம் வந்தது. கேட்காமல் தாண்டிவிடலாமா என்றுகூடப் பல்லக்காவுக்குத் தோன்றியது. கேட்டாள்.

"ஜெபக் குறிப்பு… யாருக்காவது உண்டா? அவங்கவங்களோடது மட்டும்."

ஒருவரும் அசையவில்லை. பிறகு கீபோர்ட் பக்கமிருந்து ஒரு கை உயர்ந்தது.

"எனக்கு உண்டு" என்றாள் சுருட்டை. எழுந்து நின்று, பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். "நானே சொல்றேன்."