வாசலில் செக்கர்

எங்கள் நாயின் பெயர் செக்கர். பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர் சென்னப்பன். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். பணியில் இருந்தவரை, நடுவழியில் கை காட்டி வண்டியை நிறுத்தி டிக்கெட் சோதிக்க ஏறும் செக்கர் முன்னால் அவர் கைகட்டித்தான் நிற்பார். ஓய்வு பெற்ற கையோடு முயல் அளவில் ஒரு வெள்ளை நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இனிமே செக்கரு எங்கிட்ட கைகட்டி நிக்கட்டும்" என்று அந்தப் பெயரைச் சூட்டினார். நாய் யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை. பெயருக்குத் தக்கபடி, எங்கள் படியேறும் ஒவ்வொருவரையும் சோதனை போட ஆரம்பித்தது.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் சத்துணவு டீச்சர் பானுமதி என்றால் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரு கரண்டியைத் தூக்கிக் காட்டியே வரிசையில் நிற்க வைத்தவள். அரை முழ உயரத்து நாய் எனக்கு எம்மாத்திரம் என்றுதான் இருந்தேன்.

பொங்கல் முடிந்த வாரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. வண்டிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியவர், வாயைத் திறந்தால் "ஆ" என்ற ஒலி மட்டும் வந்தது. தர்மபுரி டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: இந்தச் சில மாதங்கள்தான் முக்கியம், தினமும் காலுக்குப் பயிற்சி கொடுத்தால் எழுந்து நடப்பார், விட்டுவிட்டால் கால் இறுகிக் கட்டிலோடு கட்டிலாகிவிடுவார்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க எங்கள் பக்கத்தில் ஒரே ஒருத்திதான் கிடைத்தாள். பெயர் ஜாஸ்மின். பிசியோதெரபி படித்த பெண். பொம்மிடிப் பக்கமிருந்து ஸ்கூட்டியில் வருவாள். கலகலப்பான முகம், கையில் நல்ல பலம். முதல் நாள் அவள் வாசலில் நின்று "அம்மா" என்று கூப்பிட்ட சத்தம் அடங்குவதற்குள் செக்கர் பாய்ந்துபோய் அவள் பேன்ட்டைக் கவ்விவிட்டது.

"நாயக் கட்டுங்கம்மா!"

கட்டினேன். மறுநாளிலிருந்து ஸ்கூட்டிச் சத்தம் கேட்டாலே அது கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும். நான் மண்டி போட்டு இழுக்க, அது உறும, அதற்குள் அவள் வாசலில் வந்து நிற்பாள். சில நாட்கள் கட்டிவிடுவேன். சில நாட்கள் அது எனக்குத் தண்ணி காட்டிவிட்டு முந்திக்கொள்ளும்.

காரணத்தை நானே கண்டுபிடித்தேன். ஆஸ்பத்திரி வாசனை! அவள் கையில் தடவும் மருந்தின் நெடி நாய்க்கு ஆகவில்லை. "கண்ணு, சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வா" என்றேன். பாவம், கழுவிக்கொண்டுதான் வந்தாள். அன்றும் பாய்ந்தது. சரி, ஸ்கூட்டிதான் காரணம் என்று தெருமுனையிலேயே வண்டியை விட்டுவிட்டு நடந்துவரச் சொன்னேன். அதற்கும் பாய்ந்தது. துடைப்பத்தைக் காட்டினேன், தொண்டை கிழியக் கத்தினேன். நான் கத்தக் கத்த அதற்கு உற்சாகம்தான் ஏறியது. நானும் அதோடு சேர்ந்து குரைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ!

இத்தனைக்கும் நடுவில் இவர் வேறு. நாய் பாயும்போதெல்லாம் கட்டிலில் இருந்தபடி இடது கையை நீட்டித் தன் பாதத்தைக் காட்டுவார். "ஆ, ஆ" என்பார். பாதம் வலிக்கிறதாக்கும் என்று நான் விளக்கெண்ணெயைக் காய்ச்சிச் சூடு பறக்கத் தேய்த்துவிடுவேன். அவர் தலையைத் தலையை ஆட்டுவார். சுகமாக இருக்கிறது போலும் என்று இன்னும் கொஞ்சம் தேய்ப்பேன்.

கடைசியில் ஒரு நாள் செக்கர் ஜாஸ்மினின் குதிகாலில் பல்லைப் பதித்துவிட்டது. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தோம். இருந்தாலும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்று மாலை போனில் அவள் குரலில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. நாய் அந்த வூட்ல இருக்கற வரைக்கும் நான் வர்லீங்க."

ஓசூரில் இருக்கும் மகள் வெண்மதியும் போனில் பிடித்துக்கொண்டாள். "யம்மா, அப்பா நடக்கறது முக்கியமா, நாய் முக்கியமா? யார்கிட்டயாச்சும் குடுத்துடும்மா."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஸ்பீக்கரில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அன்று கஞ்சியைத் தொடவில்லை. இடது கையால் நாயைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. ஜாஸ்மின் செய்வதைப் பார்த்து வைத்திருந்தபடி நானே அவர் காலைத் தூக்கி மடக்கினேன். மடங்க மறுத்தது. பிடித்து அழுத்தவும் பயம். ஒவ்வொரு நாளும் அந்தக் கால் என் கையில் கனத்துக்கொண்டே போவதுபோல் இருந்தது.

அந்த வாரம் காரிமங்கலத்தில் ஒரு கல்யாணம். போகாவிட்டால் பேச்சு வரும். பக்கத்து வீட்டு அன்பரசியை அவருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டுப் போனேன். எப்போதும் ரப்பர் செருப்புப் போடுகிறவள், அன்றைக்கு வெண்மதி வாங்கிக் கொடுத்திருந்த வார் வைத்த புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்து, எங்கள் வாசற்படியில் நின்று, வாரைக் கழற்றக் குனிந்தேன்.

செக்கர் என் மேல் பாய்ந்தது!

சோறு போடும் என் மேல்! முந்தானையைக் கவ்விக்கொண்டு அது தொங்க, "அடப் பாவி நாயே, நாந்தான்டா!" என்று நான் அலற, குரலைக் கேட்டதும் அது வெட்கப்பட்டு வாலை ஆட்ட, உள்ளே கட்டிலில் ஒரே சிரிப்பு. நோய் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே மறுபடியும் தன் பாதத்தைக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்னாங்க... செருப்பா?"

ஆமாம் என்று தலையை வேகமாக ஆட்டினார். இடது கையைத் தரைக்குக் கொண்டுபோய், இல்லாத கல்லை எடுத்து, வாசலைப் பார்த்து வீசிக் காட்டினார்.

நம் ஊரில் நாய் குரைத்தால் யாரும் யோசிப்பதில்லை, குனிவார்கள். கல் இருக்கிறதோ இல்லையோ, குனிந்தால் போதும், தெருநாய்கள் ஓடிவிடும். இவரோடு தினமும் கடைவீதிக்குப் போய்வந்த நாய் அதை எத்தனை தடவை பார்த்திருக்கும்! குனிகிறவன் கல்லெடுக்கிறவன் என்று அது மனதில் எழுதி வைத்துக்கொண்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆள் ரப்பர் செருப்பைக் காலாலேயே உதறிவிட்டு நேராக அடுப்படிக்குப் போவான், அவனைப் பார்த்து இது வாலாட்டும். ஜாஸ்மினோ வண்டி ஓட்ட வசதி என்று வார் வைத்த செருப்புப் போடுகிறவள். தினமும் வாசலில் குனிந்திருக்கிறாள். இவர் கட்டிலில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்து, அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உடனே ஜாஸ்மினுக்குப் போன் போட்டேன். "கண்ணு, வெசயம் பிடிபட்டுச்சு. ரப்பர் செருப்புப் போட்டுட்டு வா, கடிக்காது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உள்ள வந்தும் நான் குனியத்தானுங்கம்மா வேணும்? சார் காலு கட்டில்லதான கெடக்குது?"

சரியான கேள்விதான். அவள் கடிபட்டதெல்லாம் வாசலில் என்றாலும், கட்டிலருகே குனிந்திருக்கையில் ஒருநாள் கட்டு அவிழ்ந்தால் என்ன ஆகும்? செருப்பை மாற்றிப் பயனில்லை. குனிவது சண்டை இல்லை என்று நாய்க்குத் தெரிய வேண்டும்.

"திங்கக்கெழம வரைக்கும் டைம் குடு. நாயப் பழக்கிக் காட்றன். முடியலைன்னா நானே கொண்டுபோயி வேற வூட்ல விட்டுட்றன்" என்றேன். சொல்லிவிட்டு இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு டப்பா நிறையச் நெத்திலிக் கருவாடு வறுத்து வைத்தேன். செக்கருக்கு அதன் மேல் உயிர். நாயைக் கட்டில் காலில் கட்டி, டப்பாவை இவர் மடியில் வைத்தேன். நான் வார்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே கேட் வரைக்கும் போனேன். அங்கே நின்று குனிந்தேன். நாய் காதை விறைத்தது. குரைப்பதற்குள் இவர் ஒரு துண்டை அதன் முன்னால் போட்டார். நிமிர்ந்தேன், கருவாடு நின்றது. குனிந்தேன், விழுந்தது. அவ்வளவுதான் பாடம்.

பாடம் நாய்க்கு, வேடிக்கை தெருவுக்கு! "என்னாக்கா தொலைச்சிட்டீங்க?" என்று போகிற வருகிறவர்கள் நின்று கேட்டார்கள். இரண்டு பேர் என்னோடு சேர்ந்து குனிந்து மண்ணில் தேடவும் ஆரம்பித்துவிட்டார்கள். "தேடுங்க, நல்லாக் குனிஞ்சு தேடுங்க" என்றேன். அந்நியர் குனிந்தாலும் கருவாடுதான் விழும் என்று நாய்க்குத் தெரியட்டுமே! இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம். ஆனால் ஒவ்வொரு நாளும் கேட்டிலிருந்து வாசற்படியை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினேன். வார இறுதியில் அன்பரசி தன் மகளின் ஸ்கூல் ஷூவை மாட்டிக்கொண்டு வந்து படியில் குனிந்து நாடாவை அவிழ்த்தாள். செக்கர் அவளைப் பார்க்கவே இல்லை. இவர் கையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வாலை ஆட்டியது.

கட்டையும் அவிழ்த்து, கயிற்றை என் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அதற்கும் பாயவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, எங்கிட்டயா ஆட்றான்!" என்று இவரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஜாஸ்மின் வந்தாள். வண்டியை நிறுத்தி, கேட்டைத் திறந்து, சுவரோரமாகவே வந்தாள். முகத்தில் ரத்தமில்லை. நான் ஒரு கையில் நாயின் கயிறும் மறுகையில் கருவாட்டு டப்பாவுமாக வாசலுக்குள் நின்றேன்.

"பயப்படாத கண்ணு. தாராளமாக் குனி."

குனிந்தாள். கருவாடு போட்டேன். செக்கர் தின்றது. ஒரு செருப்பின் வார் கழன்றது. இன்னொரு துண்டு போட்டேன். அதையும் தின்றுவிட்டு அவளைப் பார்த்து வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, மோந்து பார்க்க ஓரடி முன்னால் வந்தது. நல்லதற்குத்தான் வந்தது. கடிபட்டவளுக்கு அது எப்படித் தெரியும்? "யேசுவே!" என்று கத்திக்கொண்டு, கழற்றிய செருப்பைக் கையில் எடுத்து ஓங்கிவிட்டாள்.

அவ்வளவுதான். அத்தனை நாள் பாடமும் காற்றில் போயிற்று. செக்கர் பல்லைக் காட்டிக்கொண்டு எகிறியது. கயிறு என் விரலை அறுத்துக்கொண்டு நழுவியது. டப்பா விழுந்து கருவாடு வாசலெல்லாம் சிதறியது. முடிந்தது, இனி இவள் வரமாட்டாள், இவர் எழப்போவதில்லை என்று நினைத்தேன்.

"உக்காரு!"

ஓடுகிற வண்டியில் எழுந்து நிற்கிற சனங்களை உட்கார வைக்கிற குரல். சுவரெல்லாம் அதிர்ந்தது.

செக்கர் பின்னங்காலை மடித்துப் பொத்தென்று உட்கார்ந்தது. ஜாஸ்மின் ஓங்கிய செருப்போடு படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் சிதறிக் கிடந்த கருவாட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

நான்தான் திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் அவர் இடது கையை ஊன்றிப் பாதி எழுந்திருந்தார். வாய் இன்னும் திறந்திருந்தது. அவர் முகத்தில் எங்கள் எல்லோரையும்விட அதிக ஆச்சரியம்.

"யாரைங்க சொன்னீங்க?" என்றேன்.

அவர் நாயைக் காட்டினார். பிறகு ஜாஸ்மினைக் காட்டினார். பிறகு, கொஞ்சம் யோசித்துவிட்டு, என்னையும் காட்டினார்.

ஜாஸ்மின்தான் முதலில் எழுந்தாள். ஒரு காலில் செருப்பு அப்படியே இருந்தது. உட்கார்ந்திருந்த நாயைத் தாண்டிக்கொண்டு விறுவிறுவென்று கட்டிலுக்குப் போனாள். அவர் பக்கத்தில் நன்றாகக் குனிந்து முகத்துக்கு நேரே நின்றாள். செக்கர் அசையவில்லை. தன் எஜமானின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணீர் கொட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை.

"நாளையிலருந்து காலோட சேத்து இதையும் பழகலாம் சார். இப்ப எனக்காக இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள் ஜாஸ்மின்.

அவர் வாயைக் கோணினார். "உ..." என்றார். நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. "உக்..." என்றார். நான் புடவையைத் தட்டிக்கொண்டு, கதவைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தேன்.

"உக்காரு" என்றார், இந்தத் தடவை மெதுவாக, என்னைப் பார்த்து.

மறுபடியும் தரையில் உட்கார்ந்தேன்.