காற்றடிக்க வேண்டாத டயர்

1

இந்தக் கதை சகாய் என்ற ஜப்பானிய நகரத்துச் சைக்கிள் கடை ஒன்றில் பிறந்தது. அங்கே நின்றவன் நான்தான் என்று மட்டும் என்னிடம் ஒப்புதல் வாங்க முடியாது. அங்கே நின்றவருக்கு நிஷிவாகி என்று பெயர் வைக்கிறேன். எங்கள் வம்சத்தில் அந்தப் பெயர் கிடையாது, விசாரித்துவிட்டேன்.

2

'மனைவி போன பிறகு நிஷிவாகியின் வீட்டில் பேச்சுக்குரல்…'

வேண்டாம். இரக்கம் கேட்கிற வாக்கியம்.

வேறு தொடக்கம்: வயதாகிவிட்டதால் நிஷிவாகி தமது கார் ஓட்டும் உரிமத்தைக் காவல் நிலையத்தில் தாமாகவே திருப்பிக் கொடுத்தார். (மகன் தொலைபேசியில் கொடுக்கச் சொன்னான். அது கதையில் வராது.) இனி ஊருக்குள் போய்வர ஒரு சைக்கிள் வேண்டும்.

3

கடைக்காரப் பெண்மணி ஒக்குனோ வாய் ஓயாதவர். முதலில் மூன்று சக்கர வண்டியைக் காட்டினார்.

"இது விழவே விழாதுங்க ஐயா."

"விழுறவங்களுக்குக் காட்டுங்க."

"அப்ப கூடை வெச்சது? வெங்காயத்தாள் வாங்கிப் போட்டுக்கலாம்."

"எங்க வீட்டு ஆம்பளைங்க வெங்காயத்தாளோட ஊர்வலம் போனதில்ல."

"அப்ப இப்ப யாரு வாங்கறாங்களாம்?"

நிஷிவாகி கரும்பச்சை நிறத்தில் ஒல்லியாக நின்ற ஒரு வண்டியைச் சுட்டினார். சங்கிலிக்குப் பதில் ரப்பர் பட்டை. துரு இல்லை, எண்ணெய் இல்லை. கால்சட்டையில் கறை படியாது.

"அடேயப்பா, மாப்பிள்ளை வண்டி! தினம் எங்க போவீங்க?"

"ஆபீசுக்கு."

(ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. இந்தப் பொய்யை அடித்துப் பார்த்தேன். அவர் விடவில்லை.)

"டயர் மட்டும் சொல்லுங்க. காத்தடைச்சதுன்னா மாசாமாசம் இங்க வந்து அடிச்சுக்கணும். காத்து இலவசம், என் பேச்சும் இலவசம். வேணாம்னா முழு ரப்பர் டயர் இருக்கு. என் மூஞ்சில முழிக்கவே வேணாம்."

4

பழுதாகாத பொருளைத் தேடுவதுதான் அறிவு என்று நான் ஒரு கட்டுரையே எழுதியிருப்பேன். இங்கே எழுத வரவில்லை. முழு ரப்பர் போட்டால் நிஷிவாகிக்கு இந்தக் கடைக்கு வர ஒரு காரணமும் இருக்காது. காரணமில்லாமல் ஒருவர் வாசலில் போய் நிற்பது எங்கள், மன்னிக்கவும், அவர்கள் குடும்பத்து வழக்கமல்ல. அன்று காலையிலிருந்து அவரிடம் பேசிய ஒரே ஆள் ஒக்குனோ.

5

ஒரு முடிவு: முழு ரப்பர் வாங்குகிறார். எலும்பு அதிர, முதுகு வளையாமல் வீடு போய்ச் சேர்கிறார். கௌரவமான முடிவு. எழுதியபின் படித்துப் பார்க்கவில்லை.

இன்னொன்று:

"காத்தடைச்சதே போடுங்க."

"மாசாமாசம் வருவீங்களா?"

"எதுக்கு? வீட்ல பம்பு இருக்கு."

வீட்டில் பம்பு இல்லை. பாழாய்ப்போன வாய்! கிழித்துவிட்டேன்.

இப்போது ஒக்குனோ கைக்கொரு டயராகப் பிடித்தபடி நிற்கிறார். நிஷிவாகி தொண்டையைச் செருமிவிட்டார். அதற்குமேல் எனக்கு அவர் குரல் கேட்கவில்லை.

எந்த டயர் என்று நீங்களே சொல்லுங்கள். நன்றியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.