நடிக்காத நோயாளி

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு சாவு உண்டு. சாகிறவர் அப்பா. காப்பாற்றுகிறவள் எட்டு வயது மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். வாலுவுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு துணுக்கு வாயில் பட்டாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதற்காக மருந்து நிரப்பிய ஊசிப் பேனா இரண்டு, அம்மா தைத்த சிவப்புப் பையில் எப்போதும் இருக்கும். அவசரத்தில் கை உதறக் கூடாதென்று, ஊசியில்லாத வெற்றுப் பேனாவை வைத்துக்கொண்டு மூவரும் வாராவாரம் ஒத்திகை பார்ப்பார்கள்.

அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிறவர். நாடகத்துக்குப் போயிருக்க வேண்டிய ஆள், தவறிப்போய் ஏணியில் ஏறிவிட்டார். "ஐயோ, போறேனே! என் ஏணிய வித்துடாதீங்க!" என்று பாயில் உருண்டு அவர் போடும் கூத்தில் பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைக்கும்.

அப்படி ஒரு ஞாயிறன்று, வீட்டு ஜன்னலில் திரைக்கம்பி மாட்டிக்கொண்டிருந்தபோது அவரைக் கழுத்தில் குளவி கொட்டியது. பலகைகளுக்குப் பின்னால் கூடு கட்டும் குளவிகளிடம் அவர் வாங்காத கொட்டா? தேய்த்துவிட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து பாயில் உட்கார்ந்தார்.

"என்னமோ மாதிரி இருக்கு," என்றார். குரல் கம்மியிருந்தது.

"ஆரம்பிச்சாச்சா? இந்தத் தையல் முடியட்டும், அப்புறமா செத்துக்கலாம்," என்றாள் அம்மா, மிஷினிலிருந்து தலை நிமிராமல்.

வெற்றுப் பேனாவோடு ஓடி வந்த வாலு பாதியில் நின்றுவிட்டாள்.

"அம்மா, அப்பா நடிக்கல."

"நீ வேற."

"நடிச்சா கத்துவாரும்மா." அவள் அவர் முன்னால் மண்டியிட்டாள். "அப்பா, உள்ளங்கை அரிக்குதா? ஏதோ கெட்டது நடக்கப்போற மாதிரி பயமா இருக்கா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். கழுத்தெல்லாம் தடிப்பு. உதடு வீங்கியிருந்தது. முகம் வெளுத்து வியர்த்திருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். அதற்குள் வாலு சிவப்புப் பையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது பொண்ணோட மருந்துங்க, குழந்தைக்கான அளவு," என்று அம்மா போனில் திணறினாள்.

"பரவாயில்ல, உடனே போடுங்க. படுக்க வச்சு கால உயர்த்துங்க. எழுந்திருக்க மட்டும் விடாதீங்க. அஞ்சு நிமிஷத்துல தெளியலன்னா அடுத்ததயும் போட்டுடுங்க."

பேனாவைப் பிடித்த கை தயங்கியது. இதைப் போட்டுவிட்டால் இவளுக்கு?

"எனக்கு இப்ப ஒண்ணும் இல்லம்மா," என்றாள் வாலு.

அம்மா பேனாவைத் தொடையின் வெளிப்பக்கத்தில், துணியோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். வாலு ஒத்திகையில் போலவே சத்தமாக எண்ணினாள். பிறகு அவருடைய கால்களை இருவருமாகத் தூக்கித் தையல் முக்காலியில் வைத்தார்கள். ஐந்து நிமிடமாகியும் அவருக்குத் தெளியவில்லை. இரண்டாவதையும் போட்டாள். ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றபோதுதான் அவர் முகத்தில் லேசாக ரத்த ஓட்டம் திரும்பியது.

மறுநாள் வீடு திரும்பினார்கள். நூறு முறை ஒன்றும் செய்யாத கொட்டு ஒருநாள் உடம்புக்கு ஆகாமல் போகலாம் என்றார் மருத்துவர். புதிதாக மருந்துப் பேனாக்கள் எழுதிக் கொடுத்தார், வாலுவுக்கு இரண்டு, அப்பாவுக்கு இரண்டு. அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. செத்துக்கலாம் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டாளே.

அடுத்த ஞாயிறும் வந்தது. அப்பா வழக்கம்போல் பாயில் படுத்தார். கூத்துப் போட வாய் வரவில்லை. பேசாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வெற்றுப் பேனாவோடு வந்த வாலு பாதியில் நின்றாள்.

"கத்துப்பா," என்றாள். "நீ சும்மா படுத்திருந்தா எனக்குப் பயமா இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, "ஐயோ, போறேனே!" என்று அலறினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தைத்துக்கொண்டிருந்த அம்மா மிஷினை நிறுத்திவிட்டு, முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.