ஆற்றுக்கு மார்பளவுப் படம்

இக்கதையை 1991ஆம் ஆண்டு ஆவணி மாதம், கல்லடையாற்றில் மீன்பிடித்து வந்த அந்தோணிராயர் எனக்குச் சொன்னார். சொல்லும்போது வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். தையல் முடிந்ததும் கதையும் முடிந்தது.

பழைய பெருவெள்ளத்தில் உருண்டு வந்த பாறைகள் இன்னும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. பாதி வழியில் கல்லடையாற்றங்கரையில் இறங்கி, அடுத்த வெள்ளத்துக்காகக் காத்திருந்தன. உடன் வந்த பறவைகளும் விலங்குகளும் அப்படியே. அடுத்த வெள்ளம் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. பாஸ்போர்ட் அளவுப் படம் இல்லாதவர்களை அது ஏற்றிக்கொள்ளாது.

அந்தத் திங்கட்கிழமை காலை ஊர் போட்டோக்காரர் பூதத்தான் கேமராவோடு கரைக்கு வந்தார். இருபத்தேழு ஆண்டுகளாகத் தம் ஸ்டுடியோவின் நீலத் திரைக்கு முன்னால் முகங்களையே எடுத்தவர். "அத்தான், மனுசனுக்கு மார்புக்குக் கீழேயும் உடம்பு இருக்குன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று மைத்துனர் கேலி செய்வது வழக்கம். இக்கரை முதல் அக்கரை வரை, பாறையும் முதலையும் நாரையுமாக, ஆறு முழுவதையும் ஒரே படத்தில் பிடித்து ஸ்டுடியோ வாசலில் மாட்டிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. கேமராவில் இருந்த பிலிமில் முப்பத்தாறு படம் எடுக்கலாம்.

முன்னால் இருந்த பாறை சற்றே குனிந்திருந்தது.

"முகத்தைக் கொஞ்சம் தூக்குங்க" என்றார், பழக்க தோஷத்தால். பாறை தூக்கியது. விரல் தானாக அழுத்திவிட்டது.

"படம் என்னைக்குக் கிடைக்கும், அண்ணாச்சி?"

"புதன்கிழமை ஸ்டுடியோவுக்கு வாங்க."

"இப்பமே போய் உக்காந்துக்கிடுதேன்" என்று பாறை பஸ் நிறுத்தத்தை நோக்கி உருண்டது.

அதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. படம் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்புவது ஸ்டுடியோக்காரருக்கு அழகல்ல. பூதத்தான் தம் நீலத் துண்டை மருத மரத்தில் கட்டினார்.

முதலை வாயைத் திறந்தபடி உட்கார்ந்தது.

"வாயை மூடிக்கிடுங்க."

"மூடினா உடும்புன்னு நினைச்சிருவாங்களே, அண்ணாச்சி."

"உடும்பு உங்களுக்குப் பின்னாலதான் நிக்குது. குழப்பம் வராது."

கால் படத்தில் வராது என்று அறிந்த நாரை, "வராத காலையா இவ்வளவு நேரம் கழுவினேன்?" என்று வருந்தியது. ஐந்து நீர்நாய்களையும் சேர்த்து எடுத்தால் பிலிம் மிச்சமாகுமே என்று பூதத்தான் கெஞ்சிப் பார்த்தார். "எங்க குடும்பத்துல பேச்சுவார்த்தை கிடையாது" என்று மூத்த நீர்நாய் மறுத்துவிட்டது.

மதியத்துக்குள் முப்பத்தைந்து படங்கள் தீர்ந்தன. எடுத்துக்கொண்டவர்களெல்லாம் ஸ்டுடியோ பெஞ்சில் இடம் பிடிக்கப் போய்விட்டதால், கரையில் ஒரு கூழாங்கல்கூட இல்லை. எஞ்சியது ஆறு மட்டும். அதையாவது அகலமாக எடுத்துவிடலாம் என்று பூதத்தான் மேட்டில் ஏறினார்.

"எனக்கும் ஒண்ணு, அண்ணாச்சி" என்றது ஆறு. "மார்பளவு போதும்."

பூதத்தான் கேமராவை இறக்கினார். "நீங்களுமா போறீங்க?"

"எல்லாரும் போன பிறகு நான் யாரைச் சுத்தி ஓட?"

இருப்பது ஒரே படம். அவர் பிலிம் எண்ணிக்கையை ஒருமுறை சரிபார்த்தார். பிறகு, "உங்களுக்கு மார்பு எது?" என்று கேட்டார்.

ஆறு மலையிலிருந்து கடல் வரை தன்னைத் தடவிப் பார்த்தது. "தெரியலையே. இதுவரைக்கும் யாரும் கேக்கல."

"அப்படின்னா முழுசாத்தான் எடுக்கணும்" என்றார் பூதத்தான். ஆறு தன் வளைவுகளை நிமிர்த்திக்கொண்டு அசையாமல் இருந்தது. அவர் அழுத்தினார்.

வியாழக்கிழமை வெள்ளம் வந்து, தன் படத்தைப் பாஸ்போர்ட் அளவில் வாங்கிக்கொண்ட ஆற்றையும் சேர்த்து எல்லாரையும் ஏற்றிச் சென்றது. அதே படம் அகலமாக ஸ்டுடியோ வாசலில் ஏறியது. அன்றிலிருந்து ஊர்ப் பெண்கள் குடத்தோடு அங்கேதான் வருகிறார்கள்.

இது அந்தோணிராயர் சொன்ன முடிவு. உப்பளத்தில் வேலை செய்த பேச்சித்தாய், 1994 மாசியில் சொன்ன இதே கதையில் இந்த முடிவு இல்லை. அதன்படி, வெள்ளம் போன மறுநாள் கடல் அந்த வெற்றுப் படுகை வழியே நடந்து வந்து, ஸ்டுடியோ ஞாயிற்றுக்கிழமை உண்டா என்று விசாரித்தது. அரைநாள் உண்டு என்று பூதத்தான் சொன்னார்.