பாட்டில் மூடியில் ஒரு துளை

விடிவதற்கு முன்பே சூன்லான் பால்கனித் தரையில் மண்டியிட்டிருந்தாள். டைல்ஸ் இடுக்குகளில் இறுகிக் கிடந்த சிமெண்டை இரும்புக் கொக்கியால் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு அந்த இடுக்கில் பசையைப் பிதுக்கி, அது வழவழப்பாகப் படிய எஃகுக் குண்டை அழுத்தி உருட்டிக்கொண்டே போக வேண்டும். முழங்காலில் கட்டிய திண்டு சப்பையாகி மாதங்களாகிவிட்டன. வலிக்கிறதா என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வலியைக் கவனிப்பதை விட்டு ரொம்ப நாளாயிற்று.

கீழே சாங்ஷா நகரம் விழித்துக்கொண்டிருந்தது. ஆற்றங்கரை நெடுக கிரேன்கள் மூடுபனிக்குள் பாதி மறைந்து நின்றன. எந்தப் பக்கம் பார்த்தாலும் கட்டி முடிக்காத கோபுரங்கள்தான்.

அவள் வேலை பார்த்த அந்த அடுக்குமாடி வீட்டில் யாரும் குடியிருக்கப் போவதில்லை. வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கான மாதிரி வீடு அது. அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கட்டிலை முக்கால் அளவுக்குச் செய்து போட்டிருந்தார்கள். அலமாரியில் அடுக்கியிருந்த புத்தகங்கள் வெறும் அட்டை, உள்ளே தாள் கிடையாது. மேஜைமேல் மெழுகு ஆரஞ்சுகள். சுவருக்குப் பட்டி பார்க்கும் கிழவர் மோ முந்தின நாள் பசியில் ஒன்றைக் கடித்துவிட்டார். பல் பட்ட பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள்.

"அக்கா, சூடு ஆறிடும், வாங்க." கல் அறுக்கிற லேய் யொங், அரிசி நூடுல்ஸ் டப்பாக்களோடு வந்து உட்கார்ந்தான். மிளகாய் எண்ணெய் மணந்தது. இரண்டு வாய் சாப்பிட்டதும் அவன் இருமினான். முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் இருமினான்.

"காரமா?" என்றாள் சூன்லான்.

"ஹூனான்ல பொறந்தவனுக்குக் காரம் ஏறுமா? சும்மா, காலையில மட்டும் இப்படி வருது."

அவள் நூடுல்ஸை மென்றாள். தேஷெங்குக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, காலையில் மட்டும். தேஷெங் அவளுடைய புருஷன். சமையல் மேடைக்கான செயற்கைக் கல் அறுப்பதில் கெட்டிக்காரன். ஒரு காலத்தில் அவன் அறுக்க, அவள் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினாள். பாட்டில் மூடியில் ஒரு துளை போட்டு, மெஷினின் தகடு கல்லைத் தொடும் இடத்தில் பீச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் தூசி பறக்காமல் சேறாக வழியும். ஒரு வேலைக்கு எதற்கு இரண்டு பேர் என்று முதலாளி ஃபாங் அவளை டைல்ஸ் வேலைக்கு மாற்றினான். கூலி கொஞ்சம் கூட என்பதால் இருவருக்கும் சந்தோஷமாகவே இருந்தது. அதன் பிறகு தேஷெங் தினமும் புருவம் வெளுத்துப்போய் வீட்டுக்கு வருவான். 'தாத்தா வந்தாச்சு' என்று அவள் கேலி செய்வாள்.

நுரையீரல் கல்லாகிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு அழுகை வரவில்லை. வாடகை கொடுக்க வேண்டும், ஆக்சிஜன் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். மறுநாளே வழக்கம்போல ஃபாங்கிடம் வேலைக்கு வந்தாள். அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை, அவளுக்கும்தான்.

ஃபாங் உள்ளே வந்தான். காலணிக்கு மேல் நீல பிளாஸ்டிக் உறை. "சாப்பிடுங்க அண்ணி, சாப்பிடுங்க. தேஷெங் எப்படி இருக்கான்?"

"உட்கார்ந்திருக்காரு."

படுத்தால் அவனுக்கு மூச்சு முட்டும். ஃபாங் தலையை ஆட்டிவிட்டு லேய் பக்கம் திரும்பினான்.

"நேத்து கட்டடத்தோட பெரிய முதலாளி மனை பார்க்கிறவரைக் கூட்டிட்டு வந்தாரு. அடுப்புக்கு நேரெதிரே பாத்திரம் கழுவுற தண்ணித் தொட்டி இருக்காம். நெருப்பும் தண்ணியும் முறைச்சுக்கிட்டு நின்னா குடும்பம் உருப்படாதாம். தொட்டிய ஜன்னல் பக்கத்து மேடைக்கு மாத்தணும். நாளைக்குத் திறப்பு விழா, இன்னைக்கே துளை வெட்டிரு."

"யாரு குடும்பம் முதலாளி? இங்க குடியிருக்கறது மெழுகு ஆரஞ்சு மட்டும்தானே!" ஏணிமேலிருந்து மோ கேட்டார்.

"மோ, நீ உன் பட்டியப் பாரு."

லேய் மேடைக் கல்லைத் தடவிப் பார்த்தான். "கீழ முற்றத்துக்குக் கொண்டுபோய் அறுத்துட்டு வரட்டுமா?"

"பசை போட்டு ஒட்டியாச்சு. பெயர்த்தா உடைஞ்சிரும். இங்கயே அறு."

"தண்ணி?"

"கீழ மரத்தரை. தண்ணி பட்டா உப்பிக்கும். வறண்டே அறு."

கல் வேலை முழுக்க முடிந்த பிறகுதான் மரத்தரை போடுவது வழக்கம். பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்த்து விழாவை முன்னுக்கு இழுத்ததில், ஃபாங் தரையை முதலில் போட்டுவிட்டான். அவசரம் அவனுடையது, அதற்கு நெஞ்சைக் கொடுக்க வேண்டியவன் லேய்.

"ஜன்னலைச் சாத்திக்கோ. சுத்தி பிளாஸ்டிக் ஷீட் கட்டிக்கோ. ஹால்ல சோஃபா வெள்ளை, ஒரு பொட்டுத் தூசி வெளிய வரக் கூடாது." ஃபாங் சட்டைப் பையிலிருந்து மெல்லிய துணி முகமூடி ஒன்றை எடுத்து நீட்டினான்.

லேய் அதை வாங்கிக்கொண்டான். மறுத்தால் ஒன்பதாம் மாடியில் வேறொரு அறுப்புக்காரன் இருக்கிறான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. சமையலறையைச் சுற்றி ஷீட்டைக் கட்டினான். உள்ளே அவன் உருவம் கலங்கலாகத் தெரிந்தது. மெஷின் பிளக்கைச் செருகும் சத்தம் கேட்டது. பிறகு இருமல்.

சூன்லான் எழுந்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. கோபத்துக்கு உடம்பில் சூடு வேண்டும், அது அவளிடம் இல்லை. தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியில் இரும்புக் கொக்கியைக் குத்தித் திருகினாள். ஷீட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் லேய் பக்கத்தில் நின்றாள்.

"நான் ஊத்துறேன். நீ அறு."

ஷீட்டைச் சடாரென்று விலக்கினான் ஃபாங். "அண்ணி! என்ன பண்றீங்க? தரை போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"தரையப் பேத்துட்டு வேற போடலாம்."

"உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடை அனுப்பலையா நான்?"

"அனுப்புனீங்க. அவரால முழுங்க முடியல, நான்தான் தின்னேன். நல்லா இனிப்பா இருந்துச்சு."

அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஃபாங் அவளை விட்டுத் திரும்பினான். லேயைப் பார்த்துக் கத்தினான். "நீ அறுக்கிறியா, இல்ல ஆளை மாத்தட்டுமா?"

லேய் சூன்லானைப் பார்த்தான். தேஷெங்கைப் பார்க்கப் போனபோது, மடித்து அடுக்கிய மெத்தைகள்மேல் சாய்ந்தபடி அவன் ஒவ்வொரு மூச்சையும் பிடித்து இழுத்தது லேய்க்கு ஞாபகம் வந்தது. முகமூடியைக் கழற்றி மேடைமேல் வைத்தான்.

"தண்ணி இல்லாம அறுக்க மாட்டேன் முதலாளி. எனக்கும் இருமல் வந்திருச்சு."

அதைச் சொல்வதற்கே அவனுக்கு வெட்கமாக இருந்தது. இருமுகிறவனுக்கு யாரும் வேலை தர மாட்டார்கள்.

ஃபாங் போனை எடுத்தான். ஒன்பதாம் மாடிக்காரன் மெஷினைத் தோளில் தொங்கவிட்டபடி வந்து சேர்ந்தான். காட் என்று பெயர், அதிகம் பேசாத மனிதன். ஷீட்டையும், சாத்திய ஜன்னலையும், கையில் பாட்டிலோடு நின்ற சூன்லானையும் பார்த்தான்.

"தேஷெங் சம்சாரம்தானே?" என்றான்.

"ஆமா."

காட் மெஷினைக் கீழே வைத்தான். "தண்ணி இல்லன்னா நானும் இல்ல."

"உங்களுக்கெல்லாம் என்னடா வந்துச்சு? வெளிய போனா இந்த ஊர்ல ஒரு பயல் உங்களுக்கு வேலை தர மாட்டான். நான் பார்த்துக்கறேன்!" ஃபாங்கின் குரல் ஆள் குடியில்லாத அறைகளில் எதிரொலித்தது.

மோ ஏணியிலிருந்து நிதானமாக இறங்கினார். "அடுப்பும் தொட்டியும் எதிரெதிரே நின்னா ஆகாது, அறுக்கிறவன் நெஞ்சுல கல்லு நின்னா பரவாயில்ல. நல்ல மனை சாஸ்திரம் முதலாளி!" பட்டி ஒட்டிய கையால் தன் தண்ணீர் பாட்டிலை சூன்லானிடம் நீட்டினார். "எனக்கும் ஒரு துளை போட்டுக் குடும்மா. இந்தக் கட்டடத்துல எங்க கல் அறுத்தாலும் பக்கத்துல தண்ணியோட ஒரு ஆள் நிக்கட்டும். இல்லன்னா பட்டியும் நின்னுபோகும்."

அடுத்த அறையில் மின்கம்பி இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தங்கள் பாட்டில்களோடு வந்தார்கள். சூன்லான் ஒவ்வொரு மூடியாக வாங்கித் துளையிட்டாள். ஃபாங் வராந்தாவுக்குப் போய் யாருடனோ போனில் இரைந்தான். லிஃப்டை நிறுத்து, காவலாளிகளைக் கூப்பிடு என்று கேட்டது. என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. மெஷின்கள் வைத்த இடத்திலேயே கிடந்தன, யாரும் பொத்தானைத் தொடவில்லை.

லேய் ஷீட்டை அவிழ்த்துச் சுருட்டிவிட்டு, ஜன்னலைத் திறந்தான். ஆற்றுக் காற்று உள்ளே வந்தது. எல்லோரும் மேடையைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். மோ மெழுகு ஆரஞ்சை எடுத்து, தான் கடித்த பக்கத்தை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். காட்கூடச் சிரித்தான்.

சூன்லானின் மடியில் இருந்த பாட்டில் சாய்ந்து, துளை வழியே தண்ணீர் அவள் விரல்களில் வழிந்து மரத்தரையில் சொட்டியது. யாரும் துடைக்கப் போகவில்லை. தண்ணீர் சில்லென்று இருந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முழங்காலில் ஏதோ சுருக்கென்றது, அது வலிதான்.

வராந்தாவில் காலடிச் சத்தம் நெருங்கியது. "அக்கா, தள்ளி உட்காருங்க, நான் முன்னாடி இருக்கேன்" என்றான் லேய்.

"பக்கத்துலயே உட்காரு. அறுக்கிறவனை விட்டுட்டு ஊத்துறவ எங்க போவா?" என்றாள் சூன்லான்.