நாலால் பெருக்கினால்

வருஷக்கணக்காகக் காத்திருந்து டெல்லி கரோல்பாக் வீட்டுக்கு டெலிபோன் வந்தது. நம்பர் 571428. என் வீட்டுக்காரர் சேஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

"ராஜம், 142857-ஐ நாலால பெருக்கினா வர்ற நம்பர் இது. ரெண்டால பெருக்கினா 285714. மூணால 428571. அதே ஆறு எண், அதே வரிசை. ஆரம்பிக்கற இடம்தான் மாறும். ஆறால பெருக்கற வரைக்கும் இப்படியே சுத்தும்."

"சுத்தட்டும். எனக்கு அடுப்புல குழம்பு கொதிக்கறது" என்றேன்.

இந்த மனுஷர் யாருக்கும் நம்பரை நேராகச் சொன்னதே இல்லை. மாப்பிள்ளை எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார். "எழுதப்படாது. 142857, நாலால பெருக்குங்கோ. ஆயுசுக்கும் மறக்காது" என்று பாடம் எடுத்தார் இவர். அந்தப் பிள்ளையும் பவ்யமாகத் தலையாட்டியது.

எங்கள் பெண் வைதேஹிக்குப் பிரசவ வேளை வந்தபோது எனக்கு அம்மை வார்த்திருந்தது. பெற்றவள் நான், அவள் கூட நிற்க முடியாமல் கூடத்தில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன். போன தடவை குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவையும் ஏதாவது ஆனால் அவள் தாங்கமாட்டாள், நானும் தாங்கமாட்டேன். காலையில் மாப்பிள்ளையின் அக்கா காமாக்ஷி வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, தம்பி போன் பண்ணுவான் என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் ஆயிற்று. போன் அடிக்கவில்லை. இவர் அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏழால பெருக்கினா மட்டும் சுத்தாது ராஜம். ஆறு எண்ணுமே ஒன்பதாயிடும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க கணக்குல இடி விழ. பொண்ணு அங்க என்ன பாடு படறாளோ, உங்களுக்குப் பெருக்கல் கேக்கறதா?"

அவர் ரிசீவரை எடுத்து, சத்தம் வருகிறதா என்று காதில் வைத்துப் பார்த்துவிட்டு வைத்தார். உடனே மறுபடியும் எடுத்துப் பார்த்தார். பயத்தை மறக்கத்தான் இந்த மனுஷர் கணக்குப் போடுகிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவமாக இருந்தது.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தவர் "வைதேஹி?" என்று மட்டும் கேட்டார். கண் தளும்ப, ஒயரை இழுத்து ரிசீவரை என் காதருகே கொண்டுவந்தார்.

"அம்மா, பெண் குழந்தை. ரெண்டு பேரும் நன்னா இருக்கா" என்றார் மாப்பிள்ளை. "எதால பெருக்கணும்னு மறந்துபோச்சு. ஒண்ணுலேர்ந்து வரிசையாப் பெருக்கிப் போட்டேன். முதல் நம்பர் போகவே இல்லை. அடுத்த ரெண்டும் ராங் நம்பர். சந்தோஷத்துல ஹலோன்னதுமே விஷயத்தைச் சொல்லிட்டேன். ரெண்டாவதா எடுத்த பஞ்சாபி மாமி 'முபாரக் ஹோ பேட்டா'ன்னு வாழ்த்தினா. 'உன் பொண்டாட்டியைப் பெத்தவ சாப்பிடாம உக்காந்திருப்பா, ஜல்தி அடுத்த நம்பரைப் போடு'ன்னா."

முகம் தெரியாத யாரோ ஒருத்தி என் பசியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. இவர் வேப்பிலையை ஒதுக்கிவிட்டு என் படுக்கையிலேயே உட்கார்ந்தார்.

"தொடாதேங்கோ, உங்களுக்கும் ஒட்டிக்கும்" என்றேன்.

"ஒட்டிக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.